கருவிழிப் புண்ணுக்கு எதற்கு பி.சி.ஆர்.?

வாசகி கடிதம்:

வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வயது 57. போன மாதம் மழை விட்ட நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது ஈரப் பட்டைச் சீவல் ஒன்று வலது கண்ணில் தெறித்தது. முதலில் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார். நாலைந்து நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. கண் மருத்துவமனையில் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்று சொல்லி நேட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தடவை விடச் சொன்னார்கள். பிறகு வோரிகோனசோலும் சேர்த்தார்கள். மூன்று வாரமாகியும் புண் பெரிதாகிக்கொண்டுதான் போகிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'பூஞ்சை வளர்ந்துள்ளது, வித்துகள் இல்லை, இனம் கண்டறிய இயலவில்லை' என்று இருக்கிறது. இப்போது மறுபடியும் சுரண்டி எடுத்து பி.சி.ஆர்., சீக்வென்சிங் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். 'பூஞ்சை என்றுதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஜீன் டெஸ்ட், காசு பிடுங்கும் வேலை' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விடலாமா என்றும் பேச்சு நடக்கிறது. டெஸ்ட் எடுப்பதா, வேண்டாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தம்பிக்கு ஒரு வருடமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை போய்ப் போய் வருகிறது. அவனுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

(பெயர் வெளியிடவில்லை), கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

எடுங்கள். முடிந்தால் இந்த வாரமே எடுங்கள். உங்கள் அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்த டாக்டர் சொல்வதுதான் முதல் வார்த்தை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அவர் சரியான பரிசோதனையைச் சரியான காரணத்துக்காகத்தான் கேட்டிருக்கிறார். அதை உங்கள் சொந்தக்காரர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன்.

ஜீன் டெஸ்ட் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கிருமியின் பெயர் மாறினால் மருந்து மாறுமா? மாறும் என்றால் கொஞ்சம் சிரமப்பட்டாவது செய்துவிட வேண்டும். மாறாது என்றால் அந்த ரிப்போர்ட் ஃபைலில் கிடக்கும், அவ்வளவுதான். அப்பா விஷயத்தில் மருந்து அடியோடு மாற வாய்ப்பு இருக்கிறது.

முதல் தடவை சுரண்டி எடுத்தபோது என்ன பார்த்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, சிறிய கத்தி முனையால் புண்ணின் ஓரத்திலும் அடியிலும் சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். அதன்மேல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. லேபில் கே.ஓ.எச். என்பார்கள். அது திசுக் குப்பையையெல்லாம் கரைத்துவிடும், கரையாத இழைகள் மட்டும் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். சில நிமிடத்தில் முடிகிற, செலவு குறைந்த, மிக நல்ல பரிசோதனை இது. இன்றைக்கும் எந்தப் பெரிய மிஷினும் இதன் இடத்தைப் பிடித்துவிடவில்லை. ஆனால் கண்ணில் இழை இருக்கிறது என்பதோடு அதன் சாட்சியம் முடிந்துவிடும். யாருடைய இழை என்று பெரும்பாலும் அதனால் சொல்ல முடியாது.

அதற்குத்தான் கல்ச்சர், அதாவது எடுத்த மாதிரியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. நம் தென்தமிழ்நாட்டில் வயல், தோட்டம், தென்னந்தோப்பு என்று வேலை செய்கிறவர்களின் கருவிழிப் புண்ணில் அதிகம் வருபவை ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சைகள். சபரோ அகார் என்ற ஊடகத்தில் வளர்த்தால் சில நாளில் இரண்டும் வித்து விடும். ஃப்யூசேரியத்தின் வித்து அரிவாள் போல வளைந்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மஞ்சள் கலந்த பச்சையாகப் படரும். பழகிய கண்ணுக்கு இது போதும், ஜீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அப்பாவின் கல்ச்சரில் வந்ததோ வித்தே விடாத இழை. உருவத்தை வைத்துப் பெயர் சொல்லும் வழி அங்கேயே அடைபட்டுவிட்டது.

மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். நேட்டமைசினுக்குக் கட்டுப்படாத புண். வித்து விடாத இழை. மழைக்காலத்து ஈரப் பட்டை தெறித்த காயம். இந்த மூன்றும் ஒரே நோயாளியிடம் இருந்தால் கண் நுண்ணுயிரியலில் வேலை செய்கிறவர்களின் மனதில் உடனே வருகிற பெயர் பித்தியம் இன்சிடியோசம். அது பூஞ்சையே இல்லை.

உங்கள் வீட்டில் ரப்பர் வேலை செய்கிறவர் இருப்பதால் இதைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ரப்பர் மரத்தில் இலை கொட்டுமே, அதற்கு முன்கூட்டியே செம்பு மருந்து அடிப்பார்களே, அந்த நோயைக் கொண்டுவருவது பைட்டோப்தோரா என்ற கிருமி. தென்னையில் குருத்தழுகலும் நல்லமிளகுக் கொடியில் திடீர் வாட்டமும் அதே கூட்டத்தின் வேலைதான். பித்தியம் அந்தக் கூட்டத்தின் நெருங்கிய உறவு. பூஞ்சை மாதிரியே இழை இழையாக வளரும், மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை மாதிரியே தெரியும். ஆனால் வம்சாவளியில் அது கடல்பாசிகளுக்குப் பக்கத்து உறவு, காளானுக்கும் பூஞ்சைக்கும் தூரத்து ஆள். தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் இருக்கும். தண்ணீர் கிடைத்தால் நீந்திப்போகும் வித்துகளை விடும். நம் மாவட்டம் இரண்டு மழையும் பெறுகிற மாவட்டம். வெட்டும் இடத்தில் மழை படாமல் மரத்தில் ரெயின் கார்டு கட்டி மழையிலும் வெட்டுகிற தோட்டங்களில், சிரட்டையிலும் குழியிலும் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் கண்ணில் அடிபட்டால் பித்தியத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

இது மருந்தை எப்படி மாற்றும்? பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. நேட்டமைசின் அதைத்தான் பிடிக்கும். வோரிகோனசோல் அது உற்பத்தியாவதைத் தடுக்கும். பித்தியத்தின் சவ்வில் அந்த எர்கோஸ்டெரால் கிடையாது. ஆகவே மணிக்கு ஒரு தடவை இல்லை, நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டாலும் அந்த மருந்துகளால் பெரிய பலன் இருக்காது. மாறாக, பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் லினிசோலிட், அசித்ரோமைசின் ஆகியவை இதில் வேலை செய்கின்றன என்று நம் நாட்டுக் கண் மருத்துவர்களே காட்டியிருக்கிறார்கள். பூஞ்சை மருந்தை நிறுத்தி பாக்டீரியா மருந்துக்குப் போவதென்றால் எந்த டாக்டரும் ஊகத்தை மட்டும் நம்பிச் செய்யத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதற்குத்தான் உங்கள் டாக்டர் டி.என்.ஏ. பரிசோதனை கேட்கிறார்.

'பூஞ்சை என்றுதான் தெரிந்துவிட்டதே' என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணமும் சொல்லுங்கள். 2021-ல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கும் வோரிகோனசோல் அந்தக் கருப்புப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்போடெரிசின் வேண்டும். அப்போது ஊசிக்காக எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது நமக்குத் தெரியும். பூஞ்சை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் இப்படி மருந்து தப்பிப்போகும்.

இப்போது பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். தெரிந்துகொண்டால் ரிப்போர்ட் வரும்போது எதைக் கேட்பது என்பதும் தெரியும்.

ஒவ்வொரு உயிரின் செல்லிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறை உண்டு. அந்தப் பட்டறைக்கான ஜீன்கள் எல்லாப் பூஞ்சையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஜீன்களுக்கு நடுவே இடைவெளியாகக் கிடக்கும் பகுதி இனத்துக்கு இனம் மாறும். ஐ.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் பகுதி அதுதான். பெரும்பாலும் டி.என்.ஏ. எழுத்துகளில் 500 முதல் 700 எழுத்து நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் மாறாத பகுதி, நடுவில் மாறும் பகுதி என்ற இந்த அமைப்புதான் வசதி. மாறாத இரண்டு கரையிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை, அதாவது பிரைமர்களை, செய்து வைத்துக்கொண்டால் எந்தப் பூஞ்சை என்று முன்கூட்டித் தெரியாமலேயே நடுப்பகுதியைப் பிடித்துவிடலாம். இதற்கான பிரைமர்களை தாமஸ் வைட்டும் அவர் கூட்டாளிகளும் 1990-ல் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க லேபுகளில் அவைதான் ஓடுகின்றன. 2012-ல் பூஞ்சை ஆய்வாளர்கள் பலர் கூடி, கடைச் சாமான் உறையில் இருக்கும் பார்கோடு போல, பூஞ்சைகளுக்கு இந்தப் பகுதியையே பொது அடையாளமாக முன்மொழிந்தார்கள். நமக்கு வசதியான இன்னொரு விஷயம், பூஞ்சை இல்லாத பித்தியத்தையும் இதே பிரைமர்கள் பிடித்துவிடும். பித்தியத்துக்கென்றே தனியாக உள்ள பிரைமர்களும் உண்டு.

பி.சி.ஆர். என்பது அந்தத் துண்டை நகல் எடுக்கும் வேலை. குழாயை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரட்டை இழை பிரியும். 55 டிகிரி வாக்கில் இறக்கினால் பிரைமர் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நாலாகும். 30 சுற்று சரியாக ஓடினால் கணக்குப்படி ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். கருவிழியிலிருந்து எடுக்கும் மாதிரி ஊசிமுனை அளவுதான் என்பதால் இந்தப் பெருக்கம் இல்லாமல் ஒன்றும் படிக்க முடியாது. பிறகு அந்த நகல்களை எழுத்தெழுத்தாகப் படிப்பது சீக்வென்சிங். படித்த வரிசையை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் லட்சக்கணக்கான வரிசைகளோடு கணினியில் ஒப்பிட்டு, எதோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். பி.சி.ஆர். சில மணி நேரத்தில் முடியும். சீக்வென்சிங் வெளியே அனுப்பிச் செய்வதென்றால் கூடுதலாகச் சில நாள் ஆகும்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதே இதுதான். அப்பாவின் கல்ச்சரில் இழை வளர்ந்திருக்கிறது. அந்தத் தட்டு இன்னும் லேபில் இருக்கிறதா? இருந்தால் சீக்வென்சிங்கை அதிலிருந்தே செய்துவிடலாம். கண்ணிலிருந்து சுரண்டி எடுப்பதைவிட அதில் டி.என்.ஏ. தாராளமாகக் கிடைக்கும், வரிசையும் சுத்தமாக வரும். ஆனால் பெரும்பாலான லேபுகளில் ரிப்போர்ட் கொடுத்துக் கொஞ்ச நாளில் தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிடுவார்கள். ஆகவே இதைப் படித்து முடித்ததும் போன் போட்டு, 'எங்கள் அப்பாவின் கல்ச்சர் தட்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தட்டு இருந்தால், ஜீன் வரிசை வரும் முன்பே லேபில் இன்னொரு பரிசோதனையும் செய்து பார்க்கலாம். வளர்ந்த இழையின்மேல் சுத்தப்படுத்திய புல்லிலைத் துண்டுகளை வைத்து, இழை அதில் ஏறியதும் உப்புச்சத்து சேர்த்த நீரில் போட்டு 37 டிகிரியில் வைப்பார்கள். பித்தியமாக இருந்தால் சில மணி நேரத்தில் இலை ஓரத்தில் சிறு பைகள் கட்டும். அவை உடைந்து வித்துகள் வெளியே வந்து துறுதுறுவென்று நீந்துவதை மைக்ரோஸ்கோப்பில் நேராகவே பார்க்கலாம். எந்தப் பூஞ்சையும் கருவிழிப் புண்ணில் இப்படிச் செய்யாது. அயோடினும் கந்தக அமிலமும் போட்டுச் செய்யும் சாயப் பரிசோதனையும் உண்டு. பித்தியத்தின் சுவரில் செல்லுலோஸ் இருப்பதால் அது நீலக் கறுப்பாக மாறும். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. டாக்டரிடம் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தட்டு இருந்தாலும் மறுபடி சுரண்டி எடுக்க வேண்டுமா என்றால், பெரும்பாலும் எடுப்பதே நல்லது என்பேன். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து தட்டில் விழுந்து வளர்ந்துவிடுவது எல்லா லேபிலும் நடக்கக்கூடியது. கண்ணிலிருந்து நேராக எடுத்த மாதிரியும் தட்டும் ஒரே பெயரைச் சொன்னால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தவிர, மூன்று வாரத்தில் புண் மாறியிருக்கும். மேலே படிந்த கசடு போனால் மருந்தும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். மரத்துப்போகும் மருந்து விட்டுத்தான் எடுப்பார்கள். அப்பாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பாதிப் பரிசோதனை இருக்கிறது. கண்ணில் விடும் மஞ்சள் சாயமும் சில மரத்துப்போகும் மருந்துகளும் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கக்கூடும் என்பதால் மாதிரி எடுக்குமுன் கண்ணைச் சுத்தமான சலைனில் கழுவிக்கொள்வது நல்ல பழக்கம். மாதிரி சுத்தமான குழாயில், சலைனிலோ லேப் கொடுக்கும் திரவத்திலோ போக வேண்டும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துபோகும். அறுவைச் சிகிச்சையில் திசு எடுக்கும்போது பழக்கதோஷத்தில் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் பாதியை சலைனில் தனியாகக் கேளுங்கள். பூஞ்சையின் செல் சுவரும் லேசுப்பட்டதில்லை. சின்னக் கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைத்தோ, நொதி ஊற்றிக் கரைத்தோதான் டி.என்.ஏ.யை வெளியே எடுக்க வேண்டும். ரத்த மாதிரிக்குச் செய்வதுபோல மேலோட்டமாகச் செய்துவிட்டால், கிருமி இருந்தும் 'நெகட்டிவ்' என்று வரும். ஆகவே நெகட்டிவ் வந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாசிட்டிவ் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எல்லாப் பூஞ்சையையும் பிடிக்கும் பிரைமர் காற்றில் வந்த பூஞ்சையையும் சேர்த்தே பிடிக்கும். மாதிரியே போடாத ஒரு வெறும் குழாயையும் கூடவே ஓட்டி, அதில் ஒன்றும் வரவில்லை என்று நல்ல லேப் உறுதி செய்துகொள்ளும். ரிப்போர்ட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால், எத்தனை சதவீதம் பொருந்தியது, எத்தனை எழுத்து நீளம் படித்தது என்று டாக்டர் வழியாகக் கேட்டு வாங்குங்கள். இனம் சொல்ல 98, 99 சதவீதமாவது பொருந்த வேண்டும், அதுவும் முழு நீளத்துக்கும். யார் வேண்டுமானாலும் வரிசைகளைச் சேர்க்கும் பொதுத் தொகுப்புகளில் தப்பான பெயரில் கிடக்கும் வரிசைகளும் உண்டு. அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் வருகிற ஒரே ஒரு பெயரை அப்படியே எழுதிவிட மாட்டார்கள். அடுத்தடுத்த பொருத்தங்களையும், மருத்துவப் பூஞ்சைகளுக்கென்று சரிபார்த்து வைத்த தொகுப்புகளையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார்கள்.

ஐ.டி.எஸ். எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லும் என்றும் இல்லை. ஆஸ்பர்ஜில்லஸின் நெருங்கிய இனங்களைப் பிரிக்க கால்மோடுலின் ஜீனையும், ஃப்யூசேரியத்துக்கு வேறொரு ஜீனையும் படிக்க வேண்டிவரும். அப்பாவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பித்தியமா இல்லையா, இல்லையென்றால் ஃப்யூசேரியமா ஆஸ்பர்ஜில்லஸா வேறொன்றா என்று தெரிந்தால் சிகிச்சைக்குப் போதும். ஃப்யூசேரியம் என்று வந்தால் அதுவும் பயனுள்ள செய்திதான். 2013-ல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்று, நம் தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் நடந்தது, கருவிழிப் பூஞ்சைக்கு வோரிகோனசோல் சொட்டைவிட நேட்டமைசின் மேல் என்று காட்டியது. ஃப்யூசேரியத்தில் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவு. அப்படி வந்தால் உங்கள் டாக்டர் நேட்டமைசினை விடாமல் தொடர்ந்து, அறுவைச் சிகிச்சை தேவையா என்று யோசிப்பார்.

இப்படிப் பெயர் தெரியாமல் கோட்டைவிடுவது புதிது இல்லை. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை 2009-ல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது, ஐ.சி.யூ.வில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவக்கூடியது. லேபில் இருந்த தானியங்கி மிஷின்கள் அதை வேறு பெயரில் எழுதிக்கொண்டிருந்தன. டி.என்.ஏ. வரிசை படித்த பிறகுதான் ஆள் பிடிபட்டது. பித்தியத்திலும் இதே கதை. ஹைதராபாத் கண் ஆய்வாளர்கள் பூஞ்சை என்று சேமித்து வைத்திருந்த பழைய கல்ச்சர்களை வரிசை படித்துப் பார்த்தபோது அவற்றில் சில பித்தியம் என்று தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் இதை எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள்.

திருவனந்தபுரம் விஷயத்துக்கு வருகிறேன். பரிசோதனைக்காக மட்டும் என்றால் அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். மாதிரிதான் பயணம் செய்ய வேண்டும். சீக்வென்சிங் மிஷின் எல்லா ஊரிலும் இருக்காது, ஆனால் சரியாக எடுத்த மாதிரியை கூரியரில் அனுப்பிப் படித்துவிடலாம். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி வழியாக அனுப்ப வழி உண்டா என்றும் ஆசாரிப்பள்ளத்தில் விசாரியுங்கள். ஆனால் புண் கருவிழியின் ஓரத்தைத் தொட்டுவிட்டது, மெலிந்து ஓட்டை விழும் நிலை, அல்லது கருவிழி மாற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கருவிழி அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு, திருநெல்வேலியோ மதுரையோ திருவனந்தபுரமோ, எது பக்கமோ அங்கே, அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு உடனே போய்விடுங்கள். சரியான மருந்து கிடைத்தாலும் பித்தியப் புண்ணில் பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. இதை மறைத்து உங்களுக்குப் பொய்யான தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை. சீக்கிரம் தெரிந்தால் கண்ணைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ரிப்போர்ட் வரும்வரை டாக்டர் எழுதிய மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்றவும் வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். அப்பா முதலில் மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்துக் குப்பி இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பும் வலியும் குறைந்தது போலத் தோன்றும், உள்ளே கிருமி வேகமாக ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மறுபடி வேலைக்குப் போகும் காலத்தில் கண்ணை மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதிகாலை இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் வெட்டுகிறவருக்கு அது இடைஞ்சல்தான், தெரியும். மழைக்காலத்திலாவது போடச் சொல்லுங்கள்.

தம்பிக்கு இப்போது இந்த டெஸ்ட் வேண்டாம். படர்தாமரைக்கு முதலில் செய்ய வேண்டியது தோலின் ஓரத்தைச் சுரண்டி அதே கே.ஓ.எச். பரிசோதனை, பிறகு தோல் மருத்துவர் சொல்லும் மருந்து. ஒரு வருடமாகப் போய்ப் போய் வருகிறது என்றால் அவர் மெடிக்கலில் டியூப் வாங்கித் தடவிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த டியூப்களில் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை நிற்காது. படையின் உருவமும் மாறிப்போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். நிறுத்தினால் கொஞ்ச நாள் அரிப்பு கூடலாம், அதற்குப் பயந்து மறுபடி தடவக் கூடாது.

முழு அளவு, முழு நாள் மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் அப்போது ஜீன் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று 2020-ல் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. ஐ.டி.எஸ். வரிசை படித்தால்தான் அதை அதன் உறவுக்காரப் பூஞ்சைகளிடமிருந்து பிரிக்க முடியும். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரைக்கு அதில் பலவகை கட்டுப்படுவதில்லை, ஏனென்றால் அந்த மருந்து பிடிக்கும் நொதியின் ஜீனில் ஓரிரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தையும் வரிசை படித்துக் கண்டுபிடிக்கலாம். அப்படி வந்தால் இட்ராகோனசோலுக்கு மாற்றுவார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். செத்துப்போன பூஞ்சையின் டி.என்.ஏ.யையும் பி.சி.ஆர். பிடிக்கும் என்பதால் குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்த டெஸ்டை எடுக்கக் கூடாது.

வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் சேர்த்தே காட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் துண்டு, படுக்கை வழியாகத் திரும்ப வரும். மழைக்காலத்தில் உள்ளாடை சரியாகக் காயாது, ஆகவே ஈரம் போக இஸ்திரி போட்டுத்தான் உடுத்தச் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது தம்பி இதுவரை தடவிய எல்லா டியூப்களையும், காலியானவை உட்பட, ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோகட்டும்.